சோபாவுக்கும் மேஜைக்கும் நடுவே என் மாமனார்

இணையத்தில் ஒரு வீடியோவை ஏற்றுவதற்கு முன் அதைக் கடைசிவரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. நான் ஆங்கிலத்தில் எம்.ஏ., அதன்மேல் பி.எட். அதனால்தானோ என்னவோ எனக்குப் புரியவில்லை.

அப்போது லிங்கராஜபுரத்தில் ஒரு சுமாரான பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பறையில் பெரிய டிவி மாட்டிய நாளிலிருந்து இலக்கணம் நடத்த இணையத்தில் கிடைக்கும் பாடங்களைத்தான் போடுவோம். எல்லாம் இலவசம், எல்லாம் கண்ணுக்கு அழகு. ஒரே குறை, எல்லாவற்றிலும் பனி பெய்துகொண்டிருக்கும். ஊதா நிற முடி வைத்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், ராக்கூன் என்ற பிராணி பூசணிக்காய்க்குப் பின்னால் நிற்கிறது, வண்டிக்கு அடியில் நிற்கிறது என்று ‘பிஹைண்ட்’, ‘அண்டர்’ எல்லாம் நடத்துவார். பிள்ளைகளின் கவனம் முழுக்க ராக்கூன் மேல்தான்.

“சார், அது கடிக்குமா?”

“சார், அது சிக்கன் துன்னுமா?”

அது எங்கே நிற்கிறது என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

பள்ளியை நடத்திவந்த சரோஜம்மா மேடம் ஒருநாள் எங்களையெல்லாம் கூப்பிட்டார். கண்ணாடி ஊத்தப்பத் தடிமன், குரல் மைக் தேவைப்படாத ரகம். கன்னடத்தையும் தமிழையும் ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்துப் பேசுவார்.

“ஆன்லைன்ல எல்லாம் இதே. ஆனா நம்ம பசங்களுக்குன்னு ஒண்ணும் இல்ல. நாமே மாடோணா, நாமே பண்ணலாம். ஆளுக்கு ஒரு வீடியோ. ஸ்கூல் பேர்ல போடலாம். பேரன்ட்ஸ் மீட்டிங்ல காட்டலாம். கொத்தாயித்தா?”

கொத்தாயித்தா என்றால் புரிந்ததா என்று கேட்கிறார் என்று அர்த்தம். புரியாவிட்டாலும் புரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு வந்து விழுந்தது பிரிபொசிஷன், அதாவது அந்த இன், ஆன், அண்டர் கும்பல். எங்கள் வீட்டு ஹாலிலேயே எடுத்துவிடுகிறேன் என்றேன். சோபா, சாப்பாட்டு மேஜை, ஒரு சிவப்புப் பந்து. வேறென்ன வேண்டும்?

அதே வாரம் எங்கள் வீட்டில் இன்னொரு சம்பவம் நடந்துகொண்டிருந்தது. என் மாமனார் கோதண்டம் முதல்முறையாக எங்களோடு தங்க வந்திருந்தார்.

நானும் ரேவதியும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். என் பெயர் எட்வின். பிரச்சினை என்ன என்று இதற்கு மேல் விளக்க வேண்டாம். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூபர்வைசராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். வெள்ளை முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுப் பட்டன்வரை போட்டுக்கொண்டுதான் பால் பாக்கெட் வாங்கப் போவார். கல்யாணத்துக்கு வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. கடைசியில் தாசரஹள்ளியில் அவர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். வாசனையில் அவருக்கு இழுப்பு வந்தது. மாமியார் மகன் வீட்டுக்குப் போக, மருமகளோடு ஒத்துப்போகாத மாமனார் பையோடு ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பாசம் சாதிக்காததைப் பெயின்ட் சாதித்தது.

வந்தவர் என்னோடு பேசாமல் இல்லை. ஆனால் எல்லாம் ரேவதி வழியாகத்தான். “அவருக்கு இன்னும் ரெண்டு இட்லி வைம்மா” என்பார், நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதில் அவருக்குச் சிக்கல். மாப்பிள்ளை என்று சொல்ல மனம் வரவில்லை, பெயர் வாயில் நுழையவில்லை. ஆகவே நான் பெயரில்லாத ஜீவனாக அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் அல்சூர் ஏரிப் பக்கம் நடக்கப் போவார். ரேவதி ஆபீசில் இருப்பாள். வீடியோ எடுக்க அதுதான் நேரம் என்று முடிவுசெய்தேன். போனைக் குக்கர் பெட்டியின் மேல் சாய்த்துவைத்தேன். பின்பக்கக் கேமராவில்தான் படம் தெளிவாக இருக்கும் என்று யாரோ சொன்னதால், திரை எனக்குத் தெரியாதபடி திருப்பிவைத்தேன். காதில் மைக் வைத்த பெரிய ஹெட்போன். (விமானம் ஓட்டுகிறவன் மாதிரி இருந்தேன் என்று எனக்கு நினைப்பு.) தொடங்குவதற்கு முன், தண்ணீர் மோட்டாரைக் கொஞ்ச நேரம் போட வேண்டாம் என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லக் கீழே போனேன். அவர் பிடித்துக்கொண்டு தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசினார்.

அந்த நேரத்தில் தூறல் போட்டிருக்கிறது. மாமனார் பாதியிலேயே திரும்பி, நனைந்து போய் மேலே வந்து, நேராகக் குளியலறைக்குள் போய்விட்டார். நான் வந்தபோது வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. கவனிக்கிற ஆளாக இருந்தால் கவனித்திருப்பேன்.

குளியலறைக் கதவு எனக்குப் பின்னால் இடதுபக்கம். அவருடைய துணிப்பை இருந்த படுக்கையறை வலதுபக்கம். நடுவில் சோபா, சாப்பாட்டு மேஜை, கேமராவின் முழுப் பார்வை.

நான் பாடத்தை ஆரம்பித்தேன்.

வீடியோவை முடித்து, ஹெட்போனைக் கழற்றித் திரும்பியபோது மாமனார் படுக்கையறையிலிருந்து பட்டனெல்லாம் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். எப்போது வந்தார் என்று எனக்குக் குழப்பம்தான், ஆனால் கேட்கிற அளவுக்கு எங்களுக்குள் பழக்கமில்லை. முதல் சில வினாடிகளை மட்டும் ஓட்டிப்பார்த்தேன். என் முகம் நன்றாக இருந்தது. ஏற்றிவிட்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் மகளிடம் சொன்னார், “உன் வீட்டுக்காரர் கிளாஸ் நல்லா எடுக்கறாரும்மா. தொண்டைய விட்டுத் தெளிவா சொல்றாரு.”

ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது. “சனிக்கிழமை ஸ்கூல்ல பெரிய ஸ்க்ரீன்ல காட்டறாங்கப்பா. நீங்களும் வாங்களேன்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நேராக என் முகத்தைப் பார்த்து, “எத்தினி மணிக்கு மாப்ளே?” என்றார்.

அந்த இரண்டு நாட்கள் நான் தரையில் நடந்ததாக நினைவில்லை.

சனிக்கிழமை அவர் கஞ்சி போட்ட சட்டையில் வந்தார். பெற்றோரும் பிள்ளைகளுமாகப் பள்ளியின் கூடம் நிரம்பியிருந்தது. நான் பெருமையாக, “மேடம், இவர் என் மாமா” என்று அறிமுகப்படுத்தினேன். “பன்னி, பன்னி, உக்காருங்க” என்று (கன்னடத்தில் பன்னி என்றால் வாருங்கள்) சரோஜம்மா மேடம் அவரை முதல் வரிசையில் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். விளக்கை அணைத்தார்கள். திரையில் நான் வந்தேன். கட்டடத்தின் ஒரு மாடி உயரத்துக்கு இருந்தேன்.

“குட் மார்னிங், சில்ட்ரன். வேர் இஸ் த பால்?”

எனக்குப் பின்னால் குளியலறைக் கதவு மெல்லத் திறந்தது. ஒரு தலை எட்டிப் பார்த்தது. உள்ளே போனது. மறுபடி வந்தது. அதன் பிறகு தலையைத் தொடர்ந்து மிச்சமும் வந்தது, இடுப்பில் ஒரு துண்டோடு.

கூட்டத்தில் ஒரு குழந்தை சிரித்தது. பக்கத்திலிருந்த ரேவதியின் நகம் என் முழங்கையில் இறங்கியது.

திரையில் இருந்த நான் மிகுந்த உற்சாகத்தோடு இருந்தேன். “நவ் லுக் கேர்ஃபுல்லி!” என்று மாணவர்களைக் கேட்டுக்கொண்டேன். மாமனார் குனிந்து ஓடிவந்து சோபாவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். வழுக்கை மட்டும் மேலே தெரிந்தது. நான் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைத் தோளுக்கு மேலாகச் சோபாவுக்குப் பின்னால் எறிந்தேன். “த பால் இஸ் பிஹைண்ட் த சோபா!” என்றேன். ஒரு வினாடியில் சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, பந்தை மரியாதையாக வெளியே உருட்டிவிட்டது. (பாடத்துக்குத் தேவைப்படுமே என்று உருட்டினாராம். பந்து சுவரில் பட்டுத் திரும்பியது என்று நான் நினைத்திருந்தேன்.)

இப்போது கூடமே சிரித்தது. மாமனார் நகர்ந்து, ஒற்றைக் காலைத் தூக்கி, ஒரு கையால் துண்டைப் பிடித்தபடி சோபாவிலிருந்து மேஜைப் பக்கம் தாவப்போன அந்தக் கணத்தில் பள்ளியின் நெட் நின்றுவிட்டது. படம் உறைந்தது. சின்ன வட்டம் ஒன்று வந்து அவர் தொப்பையின் மேல் சுற்ற ஆரம்பித்தது.

நான் கம்ப்யூட்டர் பக்கம் ஓடினேன். எந்தப் பட்டனை அழுத்தினாலும் வட்டம் இன்னும் நிதானமாகச் சுற்றியது. சிரிப்பு அடங்கி, எல்லாருடைய கண்ணும் திரையிலிருந்து முதல் வரிசைக்கும் முதல் வரிசையிலிருந்து திரைக்குமாகப் போய்வந்தது. அவர் அசையவில்லை. மணிக்கட்டுப் பட்டன் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப்பார்த்துக்கொண்டதை மட்டும் கண்டேன். அந்த விரல்களைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு முழுதாக உறைத்தது.

சரோஜம்மா மேடத்துக்கோ அவருடைய கண்ணாடி வழியாகத் தெரிந்தது வேறு. இது நான் யோசித்துச் செய்த ஏற்பாடு என்று நினைத்துவிட்டார். எழுந்து நின்று, கை தட்டி, “சில்ட்ரன்! வேர் இஸ் த அங்கிள்?” என்று கூவினார்.

கூடமே கோரஸாகப் பதில் சொன்னது: “த அங்கிள் இஸ் பிட்வீன் த சோபா அண்ட் த டேபிள்!”

ஒரு பிழை இல்லை. அந்தப் பள்ளியில் நான் இருந்த காலத்தில் அத்தனை பேரும் சேர்ந்து சொன்ன முதல் சரியான வாக்கியம் அதுதான்.

நெட் வந்தது. அவர் தவழ்ந்தார். “அண்டர் த டேபிள்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அறைக்குள் மறைந்தார். “இன் த ரூம்!” என்று பெற்றோரும் சேர்ந்துகொண்டார்கள். விளக்கைப் போட்டபோது மேடத்தின் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

பைக்கில் திரும்பும்போது பின்னால் ரேவதியின் உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஓரமாக நிறுத்தினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சிரித்துவிட்டு, “எங்கப்பா இனிமே நம்ம வீட்டுக்கு வரமாட்டாரு எட்வின்” என்றாள். அதற்குப் பிறகு அழுதாள்.

வீடு பூட்டியிருந்தது. அவர் பையைக்கூட எடுக்க வராமல் அப்படியே தாசரஹள்ளிக்கு, பெயின்ட் வாசனைக்குள்ளேயே போய்விட்டார்.

திங்கட்கிழமை முதல் வேலையாக மேடத்திடம் போய் வீடியோவை இணையத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன்.

“ஏன்? பசங்க மொத தடவ பிட்வீன் கரெக்டா சொல்லிருக்காங்க. பேரன்ட்ஸ் எல்லாம் லிங்க் கேக்கறாங்க. பேட, பேட, எடுக்க வேணாம்.”

“மேடம், அவர் என் மாமனார்.”

“அப்ப அவரே எங்கிட்ட சொல்லட்டும், எடுத்துடறேன்.”

ஆக, பையைத் தூக்கிக்கொண்டு தாசரஹள்ளிக்குப் போனேன். வழியெல்லாம் மன்னிப்பை மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன். கதவைத் திறந்தவர் உள்ளே வரச்சொல்லி, எதிரே உட்கார்ந்தார். முழுக்கைச் சட்டை.

“அன்னிக்கு ஏன் ஒரு குரல் குடுக்கல நீங்க?” என்றேன். ஒத்திகை பார்த்ததில் இது இல்லை.

“நெசமாவே கிளாஸ் நடக்குதுன்னு நெனச்சேன். வாத்தியார் பாடம் நடத்தறப்ப குறுக்க பேசலாமா? குளிரு வேற. கேமரா உங்களத்தானே பாக்குது, நான் எங்க தெரியப்போறேன்னு வந்தேன். அதுவுமில்லாம என்னான்னு கூப்பிடறது உங்கள?”

வீடியோவை நீக்க மேடம் சம்மதிக்கிறார், அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றேன்.

“என்கூட வேலை செஞ்சவங்க எல்லாம் பாத்துட்டாங்க” என்றார். “நேத்து நாலு பேர் வந்தாங்க. ஒருத்தர் பேத்தி அப்படியே ஒப்பிக்குதாம், பிஹைண்டு, அண்டர் எல்லாம். இனிமே எடுத்து என்னா ஆவப்போவுது?” அவர் முகத்தில் கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. “எனக்கு ஒண்ணுதான். ரிட்டயர் ஆகிற வரைக்கும் என் டிபார்ட்மென்ட்ல ஒருத்தனும் என்னச் சட்டையில்லாம பாத்ததில்ல. நல்லா சட்ட போட்டுக்கினு இன்னொண்ணு எடுப்போம் மாப்ளே. அதப் போடச் சொல்லுங்க.”

எடுத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அதே ஹாலில். ரேவதி போனைப் பிடித்துக்கொண்டாள், திரை எங்களைப் பார்க்க. கஞ்சி போட்ட சட்டையில் அவர் சோபாவுக்குப் பின்னால் தேசியகீதத்துக்கு நிற்பதுபோல நின்றார். மேஜைக்கு அடியில் போக மறுத்து, மேஜையின் பக்கத்தில் நின்றார். இலக்கணத்தில் குற்றமே கிடையாது.

அதை வகுப்பில் போட்டேன். ஏழாம் வகுப்பு கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது.

“சார், பழசு போடுங்க சார்.”

பழையதுதான் இன்றும் ஓடுகிறது. நான் அந்தப் பள்ளியை விட்டு வந்த பிறகும், கேள்விப்படாத பள்ளிகளிலெல்லாம் ஓடுகிறது. “எது போடறாங்க மாப்ளே?” என்று அவர் கேட்கும்போது, “புதுசுதான் மாமா” என்பேன். நம்புகிறாரா தெரியாது. இரண்டாவது தடவை கேட்க மாட்டார்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து சாவி எங்கே, சீப்பு எங்கே என்று யாரும் சும்மா கேட்டுவிட முடியாது, பதில் முழு வாக்கியத்தில்தான் வரும். எங்களைப் பார்க்க மாமனார் மாதம் தவறாமல் மெட்ரோவில் வருகிறார். போன ஞாயிறு நேரமாகிவிட்டதே என்று ரேவதி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“எங்கப்பா இருக்கீங்க?”

மெட்ரோ பெட்டியில் கூட்டம் அதிகம்போல. யாரிடமோ நகரச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“ஐ ஆம் பிட்வீன் பீன்யா அண்ட் கொரகுண்டேபாளையா.”