இரண்டு மில்லி ஆம்பியரும் கொஞ்சம் கொசுறும்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் சுகம். அங்கு எல்லோருடைய சுகத்தையும் கேட்பதற்கு முன்பே ஒரு செய்தி: எங்களுக்காக வெள்ளையடித்து வைத்திருக்கும் மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடுங்கள். எனக்குக் கை வந்துவிட்டது! இதை வலது கையால்தான் எழுதுகிறேன். எழுத்து தள்ளாடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு நான் பட்டது உங்களுக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடமாக ஒயர் விற்கிறவன், பத்து மீட்டரை அளந்து முழங்கையில் சுற்றி முடிச்சுப் போட முடியாமல் நிற்கிறேன். "விடுங்க முதலாளி, நானே சுத்திக்கிறேன்" என்று வாடிக்கையாளரே பிடுங்கிக்கொண்டு போகிறார். அன்றைக்குத்தான் உங்கள் தங்கை, "மாசக் கடைசிக்குள்ள ஒரு சுருள் ஒழுங்கா சுத்திக் காட்டுங்க. இல்லேன்னா கடையை மூடிட்டு அண்ணன் வீட்டு மாடிக்குப் போயிடலாம்" என்று தீர்ப்புச் சொல்லிப் பாத்திரங்களைப் பெட்டியில் கட்டினாள். உங்கள் வீட்டில் குறையொன்றும் இல்லை மச்சான், ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்காமல் நான் என்ன செய்வேன்?

அப்போது மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி என்றார்கள். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சைத் தலையில் கட்டி, மெல்லிய கரண்ட் விட்டுக்கொண்டே கைக்குப் பயிற்சி கொடுப்பார்களாம். மூளை வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறதா என்று பார்க்கவாம். ஆனால் பாதிப் பேருக்குக் கரண்ட் பெட்டியில் விளக்கு மட்டும்தான் எரியும், கரண்ட் வராது; யாருக்கு எது என்று கடைசியில்தான் உறையைப் பிரித்துச் சொல்வார்கள். "போலிச் சரக்கெல்லாம் என்கிட்ட செல்லாதும்மா, கரண்ட் என் தொழில்" என்று டாக்டரம்மாவிடம் சொல்லி, இடது பெருவிரல் ரேகை வைத்தேன். கட்டியதுமே தலை சுருக்கென்றது. அசல் சரக்கு! எவ்வளவு என்றால் இரண்டு மில்லி ஆம்பியராம்; அதில் காலிங்பெல்கூட அடிக்காது. "கொஞ்சம் கொசுறு போடுங்கம்மா" என்றேன். "கொசுறெல்லாம் கிடையாது. பயிற்சிப் பலகையில இருக்கிற துளையில முளையைச் செருகுங்க, வீட்டுலயும் பழகுங்க" என்றார். வீட்டில் உங்கள் தங்கை தினம் ஐம்பது சுருள் சுற்றவைத்து, சுற்றியதையெல்லாம் அவிழ்த்துத் திரும்ப நீட்டுவாள். "நாப்பத்தெட்டுதான் ஆச்சு, ஏமாத்தாதீங்க!"

இருபத்து நாலு நாள் போனது. நேற்றுக் கடையில் ஒருவருக்குப் பத்து மீட்டர் சுற்றிக் கொடுத்தேன். மனிதர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த அலட்சியத்துக்காகத்தான் மச்சான், நான் மூன்று மாதமாக ஏங்கினேன். அதைப் பார்த்த உங்கள் தங்கை, உடனே வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைப் பிரித்து அடுக்கிவிட்டாள்.

எல்லாம் கரண்ட் செய்த வேலை. நாலு தடவை டிரைவிங் லைசென்ஸ் தேர்வில் தோற்ற நீங்களும் உடனே கிளம்பி வாருங்கள், உங்கள் தலைக்கும் சொல்லிவைக்கிறேன். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் வலது கையாலேயே ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கடையை மூடாத உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை ஒட்டும்போது டாக்டரம்மா போன் செய்தார். என் உறையைப் பிரித்துவிட்டார்களாம். எனக்கு வந்தது சும்மாப் பெட்டியாம். நம்பவைக்க முதல் முப்பது வினாடி சுருக்கென்று விட்டு, அணைத்துவிடுவார்களாம். அசல் வாங்கியவர்கள் கதை இன்னும் தெரியாதாம். "அப்ப என் கை எப்படிம்மா வந்துச்சு?" என்றேன். "வீட்டுல எத்தனை சுருள் சுத்தினீங்க?" என்றார். உங்கள் தங்கை பக்கத்திலிருந்து, "ஆயிரத்தி இருநூறு" என்றாள். சரக்கே வரவில்லை மச்சான், கொசுறு மட்டும்தான் வந்திருக்கிறது. நீங்கள் வர வேண்டாம். உங்கள் தங்கையை ஒரு மாதம் அனுப்பிவைக்கிறேன். காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எண்ணட்டும்.