செத்தவன் சொந்தக் கையால் எழுதியது

சென்னீர்குப்பம்
3-10-1996

அன்புள்ள தம்பி வேதமுத்துவுக்கு அண்ணன் ஆரோக்கியசாமி எழுதிக்கொண்டது. இங்கே மகள் ஹில்டா, மருமகன் ஜெயபால், நான் எல்லோரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்பது மரியாதை என்பதால் கேட்கிறேன். பதில் வேண்டாம்.

இது என் சொந்தக் கையால் எழுதும் முதல் கடிதம். அறுபத்தாறு வயதில் அறிவொளி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு 'ழ'வுக்கும் வால் இழுக்கும்போது என் நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று ஹில்டா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். வால் என்னுடையது. உனக்குக் கண்ணில் புரை என்பதால் இதைப் பக்கத்துத் தெருவிலிருந்து உன் மகள் அருள்செல்வி வந்து வாசிப்பாள். அம்மா அருள்செல்வி, நன்றாகச் சத்தமாக வாசி. அக்கம்பக்கத்துக்கும் கேட்கட்டும்.

கண் ஆபரேஷனுக்கு வருகிறேன், உன் வீட்டில் பத்து நாள் தங்குகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில் கடைசியில் வரும். முதலில் ஒரு எலும்புக்கூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இங்கே ஹைரோட்டில் சம்பத் என்பவன் சைக்கிள் கடையை எடுத்துவிட்டு வீடியோ கேம் கடை போட்டிருக்கிறான். நாலு டிவி. பிள்ளைகளுக்காகத் திறந்தது, ஆனால் உட்கார்ந்திருப்பதெல்லாம் மீசை நரைக்கத் தொடங்கிய ஆட்கள். நம் ஜெயபால் அம்பத்தூரில் லேத் வேலை முடித்து நாலு மணிக்குக் கிளம்பினால் வீடு வந்து சேர ஏழாகிறது, நடுவில் இரண்டு மணி நேரம் குகைக்குள் கத்தியோடு இருக்கிறான். அவனை இழுத்து வர ஹில்டா என்னை அனுப்புவாள், நானும் போய் உட்கார்ந்துவிடுவேன். அந்தக் குகையில் எலும்புக்கூட்டு வீரர்கள் நிற்கிறார்கள். வெட்டினால் குவியலாக விழுகிறார்கள், மூன்று எண்ணுவதற்குள் எலும்பெல்லாம் ஒன்றுகூடி மறுபடி எழுந்து வருகிறார்கள். ஏன் எழுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. கேசட்டோடு கதைப் புத்தகம் வரவில்லை, திரையில் ஓடுவதோ ஜப்பான் எழுத்து. அந்த விஷயத்தில் அவர்கள் எல்லோரும் போன வருடத்து நான். அதனால் ஆளுக்கொரு கதை கட்டி, பஞ்சர் விலை எழுதியிருந்த கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள்.

"ராசா சண்டைக்கு இட்டுகினு போய் சாவடிச்சிட்டான் மாமா. டூட்டி முடிஞ்சிதுன்னு யாரும் கையெழுத்துப் போட்டுத் தரல. அதான் செத்தும் ஷிப்ட் பாத்துகினு கீறான்." இது ஜெயபால் கதை.

ஆட்டோ ஓட்டும் பக்தவத்சலம் காறித் துப்பாத குறை. "போ மச்சான். இங்க தோத்தவன்தான் எலும்பா நிக்கிறான். நேத்து நீ எட்டு வாட்டி செத்த. எண்ணிப் பாரு, எட்டு எலும்பு கீது."

"குழி தோண்டுனவன் ஆழமாத் தோண்டல, அவ்ளோதான்," என்றான் சம்பத். "எங்க ஊட்டாண்ட ரோடு போட்டவன் மாதிரி. பெருசு, நீ இன்னா சொல்ற?"

நான் சொன்னேன்: "அவன் செத்துட்டான்னு அவன்கிட்ட யாரும் சொல்லலப்பா. சொல்லியிருந்தா மரியாதையாப் படுத்திருப்பான்."

"காதே இல்லாத எலும்புக்கு எப்புடிச் சொல்றது பெருசு?" என்றான் சம்பத்.

"எழுதிக் காட்டு," என்றேன்.

சிரித்துவிட்டு 'ஆரோக்கியசாமி கதை' என்று பலகையில் பெரிதாக எழுதினார்கள். என் பெயரைப் பொது இடத்தில் நானே வாசித்தேன் தம்பி. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

அந்த வாரம்தான் உன் கடிதம் வந்தது. யாரிடமும் கொடுக்காமல் நானே வாசித்தேன். ருசி கண்டுவிட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து நீ இத்தனை வருடம் போட்ட கடிதங்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தேன். அதெல்லாம் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் இருந்த ஜானகிராமன் எனக்கு வாசித்துக் காட்டியவை, அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மூன்றாவதாகக் கையில் வந்தது ஒரு இன்லண்ட் லெட்டர். 1987 நவம்பர். அதில் நீ எழுதியிருப்பது இது: 'அம்மாவுக்கு ஒரு பிடி மண் போட வராதவன் எனக்கு அண்ணன் இல்லை. இறந்தோர் பூசைக்கு அம்மா பெயரோடு உன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சாமியாரும் வாசித்துவிட்டார். நீ செத்தாய்.'

உயிரோடு இருப்பவன் பெயரைக் கல்லறைத் திருநாள் சீட்டில் எழுதிக் கொடுக்க உன் கை எப்படி வந்தது? தந்தி பகல் பன்னிரண்டுக்கு என் கையில் வந்தது. படிக்கத் தெரியாது என்று வழியில் போகிறவனிடம் சொல்ல வெட்கப்பட்டு, ஜானகிராமன் ஷிப்ட் முடியும்வரை ஃபேக்டரி கேட்டில் அதை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் சட்டைப் பையில் அஞ்சு மணி நேரம் செத்துக் கிடந்தாள், எனக்குத் தெரியாது. இரண்டு பஸ் மாறி வந்தபோது நீங்கள் மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

அந்த இன்லண்டை ஜானகிராமன் எனக்கு எப்படி வாசித்தார் தெரியுமா? "தம்பி பொண்ணுக்கு தை மாசம் கல்யாணமாம், நீ கட்டாயம் வரணுமாம்." பத்திரிகை எங்கே என்றேன். "கூடப் பொறந்தவனுக்கு எதுக்குய்யா பத்திரிகை?" என்றார். மகா பொய்யன். நானும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, செத்து இரண்டு மாதம் ஆனவன், உன் மகள் கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தேனே! பெயரைச் சொன்னதும், பூசைக்கு மணி அடிக்கும் கோயில்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார். பக்தி என்று நினைத்து நானும் போட்டுக்கொண்டேன். நீ முகத்தைப் பார்க்காமல் என் இலையில் கறியை அள்ளி அள்ளி வைத்தாய், அன்பு என்று நினைத்தேன். ஒன்பது வருடமாக எழுந்து எழுந்து வந்திருக்கிறேன், ஒருத்தனும் சொல்லவில்லை. சம்பத் கடையில் நான் சொன்னது கதையே இல்லை தம்பி, என் சரித்திரம்.

ஆகவே பதில். செத்தவன் வீட்டில் விருந்தாளிக்குப் பாய் கிடையாது. ஆபரேஷனை உன் ஊர்ப் பக்கமே பார்த்துக்கொள். ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பார். அவர் செய்வதை நான் தடுக்க முடியாது. குழந்தைகளுக்கு என் அன்பு, உனக்கு இல்லை.

இப்படிக்கு,
உன் காலம் சென்ற அண்ணன்
ஆரோக்கியசாமி

பின்குறிப்பு: 12-10-1996. இதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆனது. உறை வாங்கி வரச் சொன்னபோது ஹில்டா அந்தப் பழைய இன்லண்டைப் புரட்டிப் பார்த்து, "அப்பா, பின்னாடி மடிப்புல எழுதியிருக்கே, பாக்கலையா?" என்றாள். வெளிப்பக்கம் இருப்பதெல்லாம் விலாசம் என்று விட்டுவிட்டேன். அங்கே பொடி எழுத்தில் இருக்கிறது: 'கோபத்தில் எழுதிவிட்டேன் அண்ணா. இன்லண்டை வீணாக்க மனமில்லை. தை மாதம் அருள்செல்விக்குக் கல்யாணம். நீ வராமல் பந்தக்கால் நட மாட்டேன்.' ஜானகிராமன் பொய் சொல்லவில்லை. மடிப்பை மட்டும் வாசித்திருக்கிறார். நல்ல மனிதர், மகா பொய்யன் என்று எழுதிவிட்டேன், அவர் பெயரை வரும் இறந்தோர் பூசைக்கு நானே என் கையால் எழுதிக் கொடுப்பேன்.

பலகையிலும் என் கதையை மாற்றச் சொல்லிவிட்டேன். எலும்புக்கூடு ஏன் எழுந்து வருகிறது? யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள். பக்தவத்சலமே சாக்பீஸை எடுத்து எழுதினான்.

அருள்செல்வி, இதைக் கிழித்துப்போட எனக்கும் மனம் வரவில்லை, ஒன்பது நாள் வேலை. சத்தமாக வாசிக்கச் சொன்னேன் அல்லவா, வேண்டாம். ஜானகிராமன் வாசித்த மாதிரி வாசி. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஜெயபால் நிற்பான், பாய் விரித்தாகிவிட்டது, பெரியப்பா உடனே வரச் சொல்கிறார் என்று சொல். இவ்வளவு தாளில் அது மட்டுமா இருக்கிறது என்று உன் அப்பா கேட்பான். எலும்புக்கூட்டை வாசித்துக் காட்டு.