சுண்டுவைச் சரிசெய்த விவரம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீயும் அத்தானும் போன இடத்தில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே உன் வீட்டில் தண்ணீர், மின்சாரம், கேஸ், உன் மகள் அனைத்தும் நலம். போனில் சொல்லலாம் என்றால் முதல் பாதியில் நீ அழுகிறாய், மறுபாதியில் அத்தான் ஸ்பீக்கரில் வந்து உபதேசம் செய்கிறார். அதனால்தான் மின்னஞ்சல். நிதானமாகப் படி.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். கிளம்பும்போது அத்தான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னாரே, "இந்த வயசுல இவ்வளவு வாயா? நாங்க திரும்பி வர்றதுக்குள்ள இவ அடங்கலைன்னா ஹாஸ்டல்தான், மாப்ள" என்று. அதைச் சுண்டு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டாள். அன்று முழுக்கத் தலையணை உறையின் நுனியைக் கடித்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன். ஏசி சர்வீஸில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. கோளாறு எதனால் என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, எது போனதும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி என்று முடிவுகட்டுவோம். பிள்ளைகளைக் கெடுப்பது எது என்று படித்தவர்கள் தடித்தடியாகப் புத்தகம் எழுதிக்கொண்டிருப்பது இந்தச் சின்ன விஷயம் தெரியாததால்தான்.

முதலில் செல்போனைப் பிடுங்கினேன். போன் இல்லாமல் சோறு இறங்காது என்று நீ சொல்லியிருந்தாய். இறங்கியது, ஆனால் ஒரு வாய்க்கு ஒரு கேள்வி. மாமாவுக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை, யாரும் பிடிக்கவில்லை என்றார்களா, எத்தனை பேர் சொன்னார்கள், நேரிலேயே சொன்னார்களா. அவள் சாப்பிட்டு முடித்தபோது எனக்குப் பசியே போய்விட்டது. அடுத்து டிவியைக் கழற்றிப் பரணில் போட்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், சுண்டுவும் அவளுடைய கூட்டாளியான கீழ்வீட்டு வாயாடியும் வாஷிங் மெஷின் முன்னால் குஷன் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி வழியாகத் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தானின் நீலச் சட்டை வில்லனாம், உன் துப்பட்டாவைத் துரத்துகிறதாம். காப்பாற்ற வந்த ஹீரோ என்னுடைய வேலை பேண்ட். அதன் பையில் என் டெஸ்டர் இருந்தது. இப்போது அது எதைத் தொட்டாலும் கரண்ட் இருக்கிறது என்கிறது, மரக் கதவு உட்பட.

சரி, சேர்க்கைதான் கோளாறு என்று வாயாடியையும் நிறுத்தினேன். இரண்டும் பாத்ரூம் ஜன்னல் வழியாக, குழாய்கள் இறங்கும் சந்தில் வாய் வைத்துப் பேச ஆரம்பித்துவிட்டன. அந்தச் சந்தில் பேசினால் கட்டடம் முழுக்கக் கேட்கும் என்பது உனக்குத் தெரியும். ஷாம்பு கண்ணில் பட்டு நான் முனகியதை, "எங்க மாமா குளிக்கும்போது தனியா அழுவாரு" என்று இவள் ஒலிபரப்ப, மறுநாள் வாட்ச்மேன் என் தோளைத் தட்டி, "எல்லாம் சரியாயிடும் தம்பி" என்றார். ஜன்னலைத் தெர்மோகோல் வைத்து அடைத்தேன்.

பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு. டிராயிங் டீச்சரைப் பார்த்து, மண்டைக்குள் மூளை இருக்கிறதா, காற்று இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள் என்றார் தலைமை ஆசிரியை. டிவியாக இருக்கும் என்றேன். அந்த நேரம் பார்த்து என் ஜூனியர் போன் செய்து, கேஸ் லைனைத் திறந்துபோட்டுவிட்டு வந்துவிட்டதாகச் சொல்ல, நான் அவனிடம் அதே கேள்வியை அதே வார்த்தைகளில் கேட்டுத் தொலைத்தேன். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கு ரோஷம் உண்டு. அன்று முதல் கெட்ட பாதிப்புகளின் பட்டியலில் என்னையும் சேர்த்து, வீட்டுக்கு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

பலனைக் கேள். சனிக்கிழமையிலிருந்து பிள்ளை ஆளே மாறிவிட்டாள். கத்தல் இல்லை, ஓட்டம் இல்லை, போன் கேட்பதில்லை. சோபாவில் தானாகப் படுத்துக்கொள்கிறாள். எதைச் சொன்னாலும் "சரி மாமா" ஒன்றுதான். தட்டில் வைத்ததில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, பேசாமல் தூங்கப் போகிறாள். முகம்கூடப் பூரித்து, கன்னம் இரண்டும் உப்பி, நல்ல களை வந்துவிட்டது. ஹாஸ்டலுக்கு இனி வேலை இல்லை என்று அத்தானிடம் சொல். என் முறை வென்றுவிட்டது.

அத்தானுக்கு என் வணக்கம். மூத்தவள் நீ, அங்கிருந்தே எனக்கு ஓர் ஆசீர்வாதம் அனுப்பு. வாங்கிக்கொள்ள இந்த முறை தகுதி இருக்கிறது.

உன் தம்பி

பின்குறிப்பு: இதை அனுப்புவதற்குள் வாயாடியின் அம்மா சண்டைக்கு வந்தார், தெர்மோகோல் அவர்கள் ஜன்னலில் விழுந்ததற்காக. வந்தவர் சண்டையை விட்டுவிட்டுச் சுண்டுவின் காதுக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். "தம்பி, இது பொன்னுக்கு வீங்கி. பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது. நீங்க இந்த வீட்டுலதானே இருக்கீங்க?" டாக்டரும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் கடுமையாக. பயப்பட ஒன்றுமில்லையாம், ஓய்வும் மருந்தும் போதுமாம். ஏன்டி என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "வாயத் தொறந்தா ஹாஸ்டல்னு அப்பா சொன்னாருல்ல" என்றாள்.

மெஷின் சத்தம் நின்றுபோனால் முதலில் கரண்ட் வருகிறதா என்று பாருடா என ஜூனியர்களைத் திட்டுகிறவன் நான்.

ஆகவே மேலே எழுதிய எதையும் நம்பாதே. அத்தானுக்கு இதை மட்டும் படித்துக் காட்டு: ஒரே ஒரு பிள்ளை, ஒரே வீடு, பார்த்துக்கொள்வதற்கென்றே சொந்தத் தாய்மாமன். அவனுக்கே கன்னம் வீங்கியது தெரியவில்லை. ஹால் நிறையப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்க வைத்திருக்கும் வார்டனுக்கு, அதிலும் வாயைத் திறக்காத பிள்ளையைப் பற்றி, என்ன தெரியப்போகிறது? இதற்கு அவர் பதில் சொல்லும்வரை சுண்டுவை நான் எங்கேயும் அனுப்புவதாக இல்லை.