தொனினா வருவதற்கு வழிச்செலவு

அன்புத் தங்கை தொனினாவுக்கு, கோசோ தீவு நடூரிலிருந்து அண்ணன் விஸ்தின் எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர நான் முழு நலம். அங்கே உன்னையும் மாப்பிள்ளையையும் மாதா பார்த்துக்கொள்வாளாக.

இருபத்தாறு வருஷம் கழித்து மெல்போர்னிலிருந்து வருகிறாய். விமான நிலையத்திலிருந்து வீடு வர என்ன வழி, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருந்தாய். எனக்கு எப்படித் தெரியும்? ஊர்க்காரர்கள் அட்டையைக் காட்டினால் பஸ் இலவசம். சும்மா போகிறவன் விலையை ஏன் பார்க்கிறான்? ஆனாலும் கேள்வி மண்டைக்குள் புகுந்துகொண்டது. வெளியூர்க்காரர் என்னதான் பாடுபடுகிறார், பார்த்துவிடுவோம் என்று போன வாரம் செவ்வாய்க்கிழமை அட்டையை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

பஸ் ஓட்டி வந்தவன் நம் தெரு சால்வு.

"என்ன மாமா, கார்டு எங்க?"

"இன்னைக்கு நான் டூரிஸ்ட்டுடா. எவ்வளவு?"

"வெயில்ல ரொம்ப நடந்தீங்களா? பேசாம உக்காருங்க."

"காச வாங்குடா!"

இரண்டரை யூரோ வாங்கிக்கொண்டான். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மதியத்துக்குள் ஊருக்கும் சொல்லிவிட்டான். துறைமுகத்தில் கப்பல் டிக்கெட், வெளியாள் விலையில். கவுண்டர்க்காரரிடம் கேட்டேன்: "மெல்போர்ன்லேர்ந்து என் தங்கச்சி வர்றா. இந்தத் தீவுக்கு வரும்போது அவகிட்ட எவ்வளவு வாங்குவீங்க?"

"வர்றதுக்குக் காசு கிடையாது. திரும்பிப் போறப்பதான்."

"போகலைன்னா?"

"அப்ப ஒண்ணும் வேணாம் பெரியவரே."

அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அக்கரையில், மால்டா பெரிய தீவில் இறங்கினால், விமான நிலைய பஸ் இரண்டு நிற்காமலேயே போயின. பக்கத்தில் நின்ற டென்மார்க் அம்மாள் ஒருத்தி, பிர்கித் என்று பெயர், "கைய நீட்டணுங்க, இல்லன்னா நிக்காது. இந்த நாட்டுக்கு முதல் தடவையா?" என்றாள். வெட்கத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பாவம், என்னைக் கைதூக்கிவிடுவதாக நினைத்து, போனிலேயே டாக்ஸி வரவழைத்து, வழியெல்லாம் மால்டாவைப் பற்றி எனக்கே பாடம் நடத்தினாள். பாதி தப்பு. தலையாட்டிக்கொண்டே வந்தேன். விமான நிலையத்தில் இறங்கியதும், "உங்க பிளைட் எத்தனை மணிக்கு?" என்றாள். என்ன சொல்வது? உண்மையைச் சொன்னேன். சிரித்தாள் பார், காவலுக்கு நின்றவர் ஓடி வந்துவிட்டார்.

ஆகவே தங்கையே, டாக்ஸி வேண்டாம், வாடகைக் கார் வேண்டவே வேண்டாம். பஸ், கப்பல், மறுபடி பஸ். ஆளுக்கு ஐந்து யூரோவில் வீட்டு வாசல். பஸ்ஸுக்குக் கை நீட்ட மறக்காதே.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம், உங்கள் பயணத்துக்கு என் ஜெபம்.

இப்படிக்கு,
உன் அண்ணன் விஸ்தின்

பி.கு.: மேலே எழுதிய எதையும் செய்யாதே. இறங்கின இடத்திலேயே நில்லுங்கள். பிர்கித் வாடகைக் கார் எடுத்திருக்கிறாள். நாங்கள் இருவரும் வந்து அழைத்துக்கொள்கிறோம். போன வாரமே ஊர் திரும்ப வேண்டியவள், அக்டோபர் வரை இருக்கப்போகிறாளாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீயும் வந்ததும் வராததுமாகக் கேட்டு வைக்காதே.