அக்காவுக்கு டேக் போட்ட கதை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையாவது எண் போட்டு எழுதியிருந்தால் அப்படியே நம்பிவிடுவேன். முடி கொட்டாமலிருக்க ஏழு வழிகள் என்று படித்து, ஏழையும் செய்து, இருந்த முடியையும் இழந்தவன் நான். 'கவிஞர்கள் சமூக வலைத்தளங்களைப் பயன்படுத்தப் பத்து வழிகள்' என்ற கட்டுரை என் கண்ணில் பட்டதை என் தலையெழுத்து என்றுதான் சொல்ல வேண்டும்.

கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். பெயர் முருகேசன். முகநூலில் மட்டும் 'அக்கினிப் பருந்து'. (ஏன் அக்கினி, ஏன் பருந்து என்று கேட்காதீர்கள். பல்லியைப் பார்த்தால் கட்டிலில் ஏறி நிற்கிற ஆள் நான்.) கட்டுரை சொன்னபடி தினம் ஒரு கவிதை போட்டேன். அடுத்தவர் எழுதுவதற்கும் கருத்துச் சொல்ல வேண்டும் என்றது மூன்றாவது வழி. ஒருவர் தன் அப்பா இறந்த செய்தியை வரி வரியாக உடைத்துப் போட்டிருந்தார். நான் அதைக் கவிதை என்று நினைத்து, 'அருமை, தொடருங்கள்' என்று எழுதிவிட்டேன். அவர் அன்றைக்கே என்னை நட்பிலிருந்து தூக்கிவிட்டார். நியாயம்தான்.

ஒரு வருஷத்தில் ஒரு தொகுப்புக்குக் கவிதை சேர்ந்தது. புத்தகமும் அச்சாகிவிட்டது. அதன் முதல் பக்கத்தில் ஒரு ரகசியம் வைத்திருந்தேன்: 'என்னைப் படிக்க வைத்த அக்காவுக்கு.' எங்கள் அம்மா போன பிறகு, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்து என்னை டிப்ளமோ வரைக்கும் படிக்க வைத்தவள் பேச்சியக்கா. இப்போது கயத்தாற்றில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். விழாவில் முதல் பிரதியை அவள் கையில் கொடுக்க வேண்டும், அவள் மேடையில் திகைத்து நிற்பதைப் பார்க்க வேண்டும். விழா எடுத்ததே அதற்காகத்தான்.

அழைப்பிதழ் அச்சடிப்பதெல்லாம் அந்தக் காலம், நிகழ்வுப் பக்கம் தொடங்கி எல்லோரையும் டேக் செய்தால் போதும் என்றது எட்டாவது வழி. செய்தேன். இரண்டே நாளில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் 'வருகிறேன்' என்று அமுக்கிவிட்டார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

என் மனைவி சாந்திக்கு மட்டும் திருப்தியில்லை.

"எல்லாரையும் விடுங்க. மதினிக்காவது நேர்ல போயி வச்சிட்டு வந்திருங்க. நம்ம பக்கம் தாம்பாளத்துல வச்சிக் கூப்பிடாம யாரு வருவா?"

"நேர்ல போனா என் மூஞ்சியப் பாத்தே ரகசியத்தக் கண்டுபிடிச்சிருவா. டேக் போட்டிருக்கேன். அவ லைக்கும் போட்டுட்டா. அப்ப வாரான்னுதான அர்த்தம்?"

"லைக்கு போட்டா லைக்குன்னுதான் அர்த்தம்."

இவளுக்கு நவீன உலகம் புரியவில்லை என்று நான் பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு விழா. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபம். இருநூறு நாற்காலி. மீதிப் பேர் நின்றுகொள்ளட்டும் என்று முடிவு செய்திருந்தேன். சிறப்பு விருந்தினரான ஓய்வுபெற்ற பேராசிரியர் மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்கினார். பதினொரு மணிக்கு மண்டபத்தில் இருந்தவர்கள் நான், சாந்தி, பேராசிரியர், மைக்செட்காரர், அப்புறம் எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து வந்திருந்த சுடலைமுத்து. என் ஒவ்வொரு கவிதைக்குக் கீழும் 'வெற்றி நிச்சயம்' என்று எழுதுகிறவர். கையில் ஒரு தடித்த நோட்டு வைத்திருந்தார்.

'வருகிறேன்' அமுக்கிய உள்ளூர் நண்பர் ஒருவருக்குப் போன் போட்டேன்.

"வாரேன்னு போட்டிருந்தீங்களே அண்ணாச்சி?"

"அது ஒரு மரியாதைக்குப் போட்டது தம்பி. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்லா."

இன்னும் நாலு பேருக்குப் போட்டேன். இரண்டு பேர் துபாயில் இருந்தார்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒருவர், "எந்த விழா?" என்றார்.

அதெல்லாம் போகட்டும், அக்கா வரவில்லை. போன் போட்டால் எடுக்கவுமில்லை. அத்தான்தான் எடுத்தார். "ஒங்க அக்கா ரெண்டு நாளா யாருகிட்டயும் பேசல மாப்ளே. கூட்டத்தோட கூட்டமா வெரல அமுக்கிக் கூப்பிட்டுட்டானேன்னு ஒரே வருத்தம்" என்று வைத்துவிட்டார். யாருக்காக விழா எடுத்தேனோ அவளையே அவமானப்படுத்தி வைத்திருக்கிறேன்.

மேடையில் வைக்கச் சாந்தி கொண்டுவந்திருந்த தாம்பாளத்தைத் தூக்கினேன். வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமச் சிமிழ், எல்லாம் அதிலேயே இருந்தது. வண்டிதான் இல்லை.

"நான் வண்டி தாரேன் அண்ணாச்சி" என்றார் சுடலைமுத்து. "ஆனா ஒரு கண்டிசன். நீங்க திரும்பி வார வரைக்கும் மைக்கு என் கையில இருக்கும்."

பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நான் பார்க்காதது போல இறங்கி ஓடினேன். (அவர் பாவம் என்னைச் சும்மா விடாது என்று சாந்தி இப்போதும் சொல்வாள்.)

தாம்பாளத்தை ஒரு பையில் போட்டு வண்டியில் மாட்டிக்கொண்டு நாலுவழிச் சாலையில் பறந்தேன். அரை மணி நேரத்தில் கயத்தாறு. அக்கா வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கட்டியிருந்ததோ பட்டுச் சேலை. தலை நிறையப் பூ. காலையிலேயே குளித்துக் கட்டிக்கொண்டு, தம்பி வந்து கூப்பிடுவான் என்று வாசலைப் பார்த்திருக்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கண்ணக் கசக்காத. வெங்காயம் உரிக்கிறது நானு" என்றாள் அக்கா. "என்ன விசேசம்?"

"புஸ்தக வெளியீடு, அக்கா. டேக் போட்டிருந்தேனே. நீயும் லைக் போட்ட."

"பாத்தேன்னு போட்டேன். வாரேன்னு எப்பம்லே சொன்னேன்? சரி, இப்ப வந்திருக்கல்லா, மொறையா வையி. பத்திரிக எங்க?"

பத்திரிகைக்கு எங்கே போவேன்? அச்சடித்தால்தானே. சட்டைப்பையைத் தடவினேன். செல்போன்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் நிகழ்வுப் பக்கத்தைத் திறந்து, போனின் நான்கு மூலையிலும் குங்குமம் தடவி, வெற்றிலை மேல் வைத்து, இரண்டு கையாலும் தாம்பாளத்தை நீட்டினேன். "அக்கா, அத்தான், வீட்டுல எல்லாரும் அவசியம் வந்திரணும்."

அக்கா எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முறைப்படி வாங்கிக்கொண்டாள். வாசிக்கக் குனிந்தாள். போன் அணைந்துவிட்டது. திறக்க என் விரலை வைத்தால், விரல் பூரா குங்குமம். அது என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த அத்தான் வேட்டி அவிழச் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நான் மட்டும் வந்தா நல்லாவா இருக்கும்? எதுத்த வீட்டு மதினி, பக்கத்து வீட்டு அத்தை, எல்லாருக்கும் வையி. நாளைக்கு நான் இந்தத் தெருவுலதான இருக்கணும்?"

பதினோரு வீடு. பதினோரு வீட்டிலும் செல்போனைத் தாம்பாளத்தில் நீட்டினேன். ஒரு அம்மா, "காதுகுத்தா?" என்றார். இன்னொருவர், "போன் கட தொறக்கியளா தம்பி?" என்றார். ஆனால் ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. கால் மணி நேரத்தில் தெருவே சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டது. அத்தானுக்குத் தெரிந்த வேன் ஒன்று அகப்பட்டது. நான் வண்டியில் முன்னால் போக, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வேன் பின்னாலேயே வந்தது.

மண்டபத்துக்குள் நுழையும்போது மணி ஒன்று. சுடலைமுத்து தன்னுடைய ஐம்பத்தேழாவது கவிதையில் இருந்தார். பேராசிரியர் கண்ணை மூடியிருந்தார். ரசிக்கிறாரா, தூங்குகிறாரா, அதற்கும் மேலே ஏதாவது ஆகிவிட்டதா என்று தெரியவில்லை. மைக்செட்காரரைக் காணோம். சாந்தி மட்டும் கைதட்டிக்கொண்டிருந்தாள், பழக்கதோஷம்.

கூட்டத்தைக் கண்டதும் பேராசிரியருக்கு உயிர் வந்தது. பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். ஒரு மணி நேரப் பேச்சைத் தயாரித்து வந்திருந்தவர் இரண்டே நிமிஷத்தில் முடித்து, முதல் பக்கத்தை வாசித்து, அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார். அக்கா திகைத்துப் போய்த்தான் நின்றாள். நான் ஆசைப்பட்டதைவிட அதிகமாகவே நின்றாள். புத்தகத்தை வாங்கித் 'அக்காவுக்கு' என்ற வார்த்தையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். மைக்கை நீட்டினோம்.

"என் தம்பிக்கு நூறு பக்கம் எழுதத் தெரியுது" என்றாள். "நேர்ல வந்து ஒரு வார்த்த கூப்பிடத் தெரியல. இதுக்கா நான் அவனப் படிக்க வச்சேன்?"

அன்றைக்கு விழாவில் பலத்த கைதட்டல் வாங்கியது அந்தப் பேச்சுத்தான்.

இப்போதும் முகநூலில் எழுதுகிறேன், சொந்தப் பெயரில். ஒவ்வொரு கவிதைக்கும் அக்காவிடமிருந்து போன் வரும். "ஏலே, கவித பாத்தேன். லைக்க போன்லயே போட்டுரட்டா, நேர்ல கொண்டாரணுமா?" பின்னால் அத்தான் சிரிப்பது கேட்கும்.

போன மாதம் நான் போட்ட ஒரு கவிதைக்கு யாருமே லைக் போடவில்லை. சாயங்காலம் வரைக்கும் சுடலைமுத்துகூட எட்டிப் பார்க்கவில்லை. நான் வாடிப்போய் உட்கார்ந்திருந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்கா இறங்கினாள். கையில் தாம்பாளம், வெற்றிலை பாக்கு, கடலைமிட்டாய். "முருகேசா, சாந்தி, ரெண்டு பேரும் வந்து வாங்கிக்கோங்க" என்று முறையாக நீட்டினாள். நாங்கள் வாங்கிக்கொண்டதும், குங்குமம் பட்ட கட்டைவிரலை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள்.