நெவிலை முந்தாத கார்கள்

"பின்னாடி எவ்ளோ கார் நிக்குது பாரு. ஒதுங்கி வழி விடு, நெவில்," என்றாள் ஹெதர்.

நெவில் ஒதுங்காமலா இருக்கிறான்? அவன் ஒதுங்கினால் அவர்களும் ஒதுங்குகிறார்கள். அவன் கிளம்பினால் அவர்களும் கிளம்புகிறார்கள். வையூரு பெட்ரோல் பங்கில் ஒட்டிக்கொண்ட சனியன்கள்.

உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அவனுக்கென்ன வேண்டுதலா? கல்யாணமான நாள்முதல் எந்தக் கோடையிலும் அவன் அவளை ஒரு எரிமலையைக்கூட நின்று பார்க்கவிட்டதில்லை. இந்தத் தடவை ஹெதர் கறாராகச் சொல்லிவிட்டாள். மலைக்கு மலை நிறுத்தவில்லையென்றால் வழியில் டூராங்கியில் பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள், திரும்பமாட்டாள். மிரண்டுபோனவன் வெள்ளை வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பின்னால் மெத்தை விரித்து, ஜன்னல்களுக்குத் திரைகூடப் போட்டிருந்தான்.

ருவாபேஹு மலை வந்தது. நிறுத்தினான். எல்லாரும் நிறுத்தினார்கள். ஹெதர் டீ குடித்து முடிக்கும்வரை ஒரு ஹாரன் சத்தமில்லை.

"நம்ம ஊர்ல இவ்ளோ பொறுமைசாலிங்களா?"

"வழி தெரியாத டூரிஸ்ட்டுங்க. என் மூஞ்சியப் பாத்து நம்பி வருதுங்க," என்றான் நெவில்.

எரிச்சலைக் காட்ட ஹெட்லைட்டைப் போட்டான். அவர்களும் போட்டார்கள். கையை வெளியே நீட்டி, முன்னே போகச் சொல்லி ஆட்டினான். எல்லா ஜன்னலிலிருந்தும் கைகள் ஆடின. எதிரே வந்த லாரிக்காரர் ஓரங்கட்டித் தொப்பியைக் கழற்றினார்.

"இப்பதான் எனக்கு மரியாதை குடுக்கத் தெரிஞ்சவங்க வர்றாங்க," என்றான்.

"மலைக்குக் கழட்டியிருப்பாரு."

கடைசி வழியாக, உதறிவிட்டு ஓடலாம் என்று ஆக்சிலரேட்டரை மிதித்தான். கார்கள் விடவில்லை. நவுருஹோ மலைதான் பின்னால் போய்விட்டது.

"அவ்ளோதான்," என்றாள் ஹெதர். பின்பக்கம் ஏறிப் படுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். "பஸ் நிக்கிற எடம் வந்தா எழுப்பு."

அவள் சொன்னால் செய்கிறவள். மலை தெரிகிற மண்பாதை ஒன்றில் வண்டியைத் திருப்பி நிறுத்தினான். கார்கள் சூழ்ந்துகொண்டன. கறுப்புச் சட்டை ஆசாமிகள் வாட்டசாட்டமாக இறங்கினார்கள். தலையில் இலை வளையம் சூடிய ஒரு பெண் ஜன்னலருகே வந்தாள்.

"மன்னிச்சுருங்கம்மா," என்றான் நெவில்.

அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டாள்.

"எதுக்குண்ணே மன்னிப்பு? சித்தப்பாவுக்குப் புடிச்ச மலையெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டிக் கூட்டிட்டு வந்தீங்க. பின்கதவத் தெறங்க, சவப்பெட்டிய இனி நாங்க தூக்கிக்கிறோம்."