ஆறு நாற்பதுக்கு ஆடிய தண்ணீர்

பூமி பேசுகிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். பித்தளைக் குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதன் வழியாகப் பேசுகிறது என்றால் ஊரே வரிசையில் நிற்கும்.

நின்றது. சுரங்க ரயில் தங்கள் தெருவுக்கு வரலாமா என்று மாநகராட்சி மக்களிடம் கருத்துக் கேட்டிருந்தது. வரைபடம் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். குண்டு தொங்கவிட்டுக் குறி சொல்லும் பூமிநாடி ஐயாவைப் பார்க்க வந்தவர்கள் முந்நூறு. குண்டு ஆடும் இடத்துக்கு அடியில் ரயில் போனால் மூன்றே மாதத்தில் சுவர் பிளக்குமாம். பரிகாரம், வாசலில் அடிக்க ஐயா விற்கும் செப்பு ஆணி. குண்டு ஆடாத வாசலே இல்லை. பூமிக்கு அவ்வளவு தாராள மனசு.

அந்தத் தெருத் தையற்காரர் ஐந்து ஆணி அடித்துவிட்டார். எதிர்ப்புப் படிவமும் சட்டைப்பையில் தயார். அவர் மனைவியோ ரயில் ஓட்டுநர். ரயில் ஓட்டப் போவதற்கு இரண்டு பஸ் மாறுகிறவள். காலையிலேயே சொல்லிவிட்டாள்: "ஸ்டேஷன் வரலேன்னா பிள்ளையக் கூட்டிக்கிட்டு டிப்போ குவார்ட்டர்ஸுக்குப் போயிடுறேன். உங்களுக்கு அந்த ஆணி துணை இருக்கும்."

மாலை மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஐயாவும் குண்டோடு வந்திருந்தார். சீருடையோடு வந்த மனைவி கேட்டாள்: "ஐயா, இந்த மண்டபத்தையும் பாத்துச் சொல்லுங்க."

குண்டு அசையவில்லை. "கன்னி மண்ணு, ஒரு ரயிலும் தொடாதது. இதுக்கடியில ரயில் போயிருந்தா இந்தச் சுவர் நிக்குமா?" என்றார் ஐயா.

அவள் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றித் தரையில் வைத்தாள். "ஆறு நாப்பதுக்குத் தண்ணி ஆடும்."

கூட்டம் சிரித்தது. சரியாக ஆறு நாற்பதுக்குத் தண்ணீரில் வளையம் வளையமாக நடுக்கம்.

"பூமித்தாய் கோபப்படுறா," என்றார் ஐயா.

"ஆறு நாப்பத்தஞ்சுக்கு மறுபடி கோபப்படுவா."

பட்டாள்.

ஏற்கெனவே உள்ள சுரங்க ரயில் ஆறு வருஷமாக இந்த மண்டபத்துக்கு அடியில்தான் ஓடுவதாகவும், தானே தினம் எட்டுத் தடவை ஓட்டிப் போவதாகவும் சொன்னாள். எல்லோரும் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஐயாவும் இல்லை.

தையற்காரர் படிவத்தைக் கிழித்துப்போட்டு, புதிதாக ஒன்றில் 'ஸ்டேஷன் வேண்டும்' என்று எழுதினார்.

அப்போது ஒருவர் கைகூப்பியபடி அவளிடம் வந்தார். "அம்மா, என் பொண்ணுக்கு எப்ப வேலை கிடைக்கும்னு அந்தத் தம்ளரப் பாத்துச் சொல்லுங்களேன்."

அவள் தம்ளரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

"தண்ணி தாகத்துக்கு. யோசிக்கறதுக்குத்தான் தலை இருக்கு."